மல்லிகா கட்டிய காப்பு

கனமான எதையும் தூக்கக்கூடாது, வெயிலில் அலையக்கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பள்ளிக்கூடக் கேன்டீனில் விடிந்ததிலிருந்து நாசி லெமாக் கட்டி, மீ கிளறி, பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லிக் கத்திப் பழகிய எனக்கு இது ஜெயில் தண்டனை. கை சும்மா இருந்தால் மனசு சும்மா இருக்காது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். மீதியைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம்.

ஈப்போவில் அப்போது சாயங்காலமானால் மழை. கேன்டீனுக்குப் பின்னால் ஓடும் லோங்காங் சாக்கடை நிரம்பி, தண்ணீர் ஸ்டோருக்குள் புகுந்துவிட்டது. அரிசி மூட்டை நனைந்தால் யார் பதில் சொல்வது? சிலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். என் வீட்டுக்காரர் அந்தோணி வாங்கித் தந்த ரப்பர் பூட்ஸ் மூலையில் சும்மாதான் கிடந்தது. அவர் தன் காலை மனதில் வைத்து வாங்கியது. ஒரு பூட்ஸுக்குள் என் இரண்டு காலும் போகும். குதிகாலில் எனக்கு வெடிப்பு உண்டு. ஸ்டோரில் எலி உண்டு என்பதும் தெரியும். எலி இல்லாத ஸ்டோர் எங்கே இருக்கிறது?

ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் டெங்கியா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இல்லை என்றார்கள். பனடோல் கொடுத்து ஓய்வெடுக்கச் சொன்னார்கள். காய்ச்சலைக்கூடத் தாங்கலாம், கெண்டைக்கால் வலியைத் தாங்க முடியவில்லை. ஈரத்துணியைப் பிழிவதுபோல யாரோ இரண்டு காலையும் முறுக்கினார்கள். அந்தோணி தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், வாரக் கடைசியில்தான் வருவார். லீவு போட்டுவிட்டு ஓடி வந்து, எனக்குக் கஞ்சி வைக்கிறேன் என்று சட்டியைக் கருக்கினார்.

பாக்கியம் பெரியம்மா வந்தது அன்றைக்குத்தான். அவர் எனக்குச் சொந்தமில்லை. நாங்கள் வேதக்காரர்கள், அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு. அவருடைய ஒரே மகள் மல்லிகா என் கூட்டாளி. எங்கள் பதினொரு வயதில் மல்லிகா செத்துப்போனாள். பிறகு தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பெரியம்மா இப்போது ஈப்போவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கு எனக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு என் வீட்டு கேக் அவருக்குப் போகும். மல்லிகாவின் பெயரை மட்டும் இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் ஒருமுறைகூட எடுத்ததில்லை.

மிளகு ரசத்தோடு வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் ஜன்னல் திரையை விலக்கினார்.

"கண்ணு ஏன் இப்படி செவந்து கெடக்கு?"

"காச்சல் சூடு பெரியம்மா."

"பீளை தள்ளுதா?"

"இல்ல."

கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு போர்வையைத் தூக்கி என் கெண்டைக்காலை ஒரே ஒரு அழுத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் அந்தோணி அடுப்பை விட்டுக் குசினியிலிருந்து ஓடி வந்தார்.

"அந்தோணி, வண்டிய எடு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"கிளினிக்ல ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க பெரியம்மா. நாளைக்குப் பாத்துட்டு..."

"நாளைக்குன்னு சொல்லாதலா! இப்பவே எடு!"

அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதேயில்லை. ரசம் தட்டிக் கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது. யாரும் துடைக்கவில்லை. நாங்கள் கிளம்பிவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது என் மணிக்கட்டில் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றைப் போட்டார்கள். பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத எப்ப அவுப்பாங்க?"

"வீட்டுக்கு அனுப்பறப்பதான். அது வரைக்கும் இங்கேருந்து வெளிய போகக்கூடாது பெரியம்மா," என்றார் அந்தோணி.

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். அந்தோணிக்குத் தெரியாது.

என் வியாதிக்கு மலாயில் கென்சிங் தீக்குஸ் என்று பேர். எலி மூத்திரம். உலகத்தில் எத்தனையோ கௌரவமான வியாதிகள் இருக்கும்போது எனக்கு வாய்த்ததைப் பாருங்கள். எலியின் மூத்திரத்தில் இருக்கும் கிருமி தண்ணீரில் கலந்து, காயமோ வெடிப்போ உள்ள தோல் வழியாக ரத்தத்துக்குள் போகிறது. அங்கிருந்து ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதை எனக்கு விளக்கியவர் எங்கள் வார்டின் இளம் தமிழ் டாக்டரம்மா. மகள் என்று சொல்லும் வயதுதான் இருக்கும்.

"பீளை இல்லாம கண்ணு செவக்கும். கெண்டைக்கால் வலிக்கும். அப்பறம் ஒடம்பு மஞ்சளாகும். இந்த மூணும் சேந்து வந்தா எங்களுக்கு இதுதான் சந்தேகம் வரும்க்கா," என்று விரல் விட்டு எண்ணினார்.

நான் அந்த மூன்று விரல்களையே பார்த்தேன். செவந்த கண், கால் வலி, மஞ்சள். மூன்றையும் நான் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன். என் உடம்பில் இல்லை.

மருந்து டிரிப்பில் ஏறிக்கொண்டிருக்கும்போதே மூத்திரம் நின்றுபோனது. சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய், கழுத்தில் குழாய் சொருகி, ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் கழுவித் திரும்ப உள்ளே விட்டார்கள். அங்கே பகல் எது ராத்திரி எது என்று தெரியாது. விளக்கை அணைப்பதேயில்லை. பக்கத்துப் படுக்கைக்குத் திரை இழுத்தால் கண்ணை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். பார்வையாளர் நேரத்தில் அந்தோணி வந்து, பேச ஒன்றும் தெரியாமல், என் குதிகால் வெடிப்பில் வாஸ்லின் தடவுவார். "இந்த ஓட்டைய அடைச்சாத்தான்லா எனக்கு நிம்மதி," என்பார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் காலை அவர் தொட்டது அப்போதுதான். செத்துப்போய்விடுவேனோ என்று எனக்கு உண்மையாகவே பயம் வந்ததும் அப்போதுதான்.

அவர் போனதும் மல்லிகா வருவாள்.

கால்மாட்டில் உட்காருவாள். தலையெல்லாம் ஈரம். பள்ளிக்கூட நீலப் பினஃபோர் உடுப்பு. என் இடது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, "எங்க போற? எல்ல தாண்டக்கூடாதுலா," என்பாள். கோபமாக இல்லை, விளையாட்டில் சொல்வதுபோல. அதுதான் தாங்க முடியவில்லை. "அவுத்து வுடு மல்லி," என்று நான் கெஞ்சியதை நர்ஸ்கள் கேட்டிருக்கிறார்கள். கையைக் கட்டிவைத்ததாக நான் நினைக்கிறேன் என்று எண்ணி, தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒரு மலாய்க்கார நர்ஸ் என் கையைத் தூக்கிக் காட்டி, கட்டு எதுவும் இல்லை என்று ஆறுதல் சொன்னாளாம். ரத்தத்தில் கழிவு சேர்ந்தால் மூளை இல்லாததை எல்லாம் பார்க்கும் என்று டாக்டரம்மா பிறகு விளக்கினார். இருக்கலாம். ஆனால் அவள் சொன்ன வார்த்தையை மூளை புதிதாகக் கட்டவில்லை. அவள் அதை ஒருநாள் நிஜமாகவே சொன்னாள்.

தோட்டத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு வேலை உண்டு. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற பீங்கான் மங்குகளை லயத்துக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலில் கழுவிக் கொடுப்போம். கழுவுவது கொஞ்சம், ஆடுவது மிச்சம். உடைந்த மங்கு ஒன்று மல்லிகாவின் காலைக் கிழித்தது. அவள் அழவில்லை. அம்மாவிடம் சொன்னால் வாய்க்கால் பக்கம் விடமாட்டார்கள் என்று மண்ணை அள்ளிப் பூசிக்கொண்டாள்.

அது மாரியம்மன் திருவிழா சமயம். முதல்முறையாகப் பால்குடம் எடுக்கப் போகிறாள் என்று மல்லிகாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் பூசாரி காப்பு கட்டினார். மஞ்சள் நனைத்த நூலை மணிக்கட்டில் கட்டிவிட்டால், திருவிழா முடிந்து, கட்டியவரே அவிழ்க்கும் வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. எனக்கும் வேண்டும் என்று நான் அழுதேன். "மாதா கோவில் பூசைக்குப் போற புள்ளைக்குக் காப்பு எதுக்கு?" என்று என் அம்மா முதுகில் ஒன்று வைத்தார். மல்லிகா மீதி நூலைத் திருடிக்கொண்டு வந்து, வாய்க்கால் கரையில் வைத்து என் இடது கணுக்காலில் கட்டினாள். பள்ளிக்கூடக் காலுறைக்குள் தெரியாது.

"இனிமே நீயும் எல்ல தாண்டக்கூடாதுலா. நான் கட்டுனது, நான்தான் அவுக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி என்று பொய் சொல்லி, பட்டணத்து மாதா கோவில் பூசைக்கு நான் போகவில்லை.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கண் செவந்தது. உடம்பு மஞ்சளானது. மஞ்சள் பூசினாற்போல இருக்கிறாள், ஆத்தா வந்திருக்கிறாள் என்றார்கள். ஆத்தா வந்தால் மருந்து கொடுக்கக்கூடாது. வேப்பிலை போடுவார்கள், இளநீர் கொடுப்பார்கள். கால் வலிக்குது என்று அவள் அழுதாள். ஆத்தா காலில் இறங்குகிறாள் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் விளக்கம் இருந்தது. தவறாகச் சொல்கிறவர்களிடம்தான் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கும்.

என் அப்பா மோட்டார் சைக்கிளை அவர்கள் வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பாக்கியம், நாங்க வேதக்காரங்க. எங்களுக்கு இந்த எல்ல கெடயாது. புள்ளைய நான் ஏத்திட்டுப் போறேன்."

கோவில் கமிட்டிக்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். "காப்பு கட்டுன புள்ளைய வெளிய கொண்டுபோனா தோட்டத்துக்கே ஆகாது."

பெரியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் மணிக்கட்டைப் பார்த்தார். "நாளைக்குத் திருவிழா முடிஞ்சிரும் அண்ணே. நாளைக்குப் பாப்போம்."

நான் வாசல் படியில் நின்றிருந்தேன். அப்பா சண்டை போடுவார், அவளைத் தூக்கிக்கொண்டு போவார் என்று நினைத்தேன். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். பெரியவர்களும் பயப்படுவார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் பழைய பிள்ளை இல்லை.

மறுநாள் உச்சி வெயிலில், கோவிலில் உறுமி அடித்துக்கொண்டிருக்கும்போதே மல்லிகா போய்விட்டாள். என் காலில் இருந்த நூலை வெட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. ரொம்ப நாள் கழித்துக் குளிக்கும்போது தானாக இற்று விழுந்தது. யாரும் அதை அவிழ்க்கவில்லை.

மெஷின் என் ரத்தத்தைக் கழுவக் கழுவ, மல்லிகா வருவது குறைந்தது. ஒருநாள் காலையில் பையில் கொஞ்சம் மூத்திரம் விழுந்திருந்தது. பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல எல்லோரும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் மூத்திரத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள்.

பாக்கியம் பெரியம்மா தினமும் பஸ் ஏறிக் கஞ்சியோடு வந்தார். எனக்கு ஒரே பயம், இது என்ன நோய் என்று விவரமாகக் கேட்டுவிடுவாரோ என்று. "ஏதோ கிருமி பெரியம்மா," என்றே சொல்லி வைத்தேன். அந்தோணியிடமும் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன். மகளை ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று பெரியம்மா நம்பி வாழ்ந்துவிட்டார். கடைசிக் காலத்தில் அந்த ஒரு பிடிமானத்தையும் நான் பிடுங்க வேண்டுமா?

ஆனால் அவர் என்னிடம் கேட்கவில்லை. டாக்டரம்மா பார்வையிட வந்தபோது, கஞ்சிக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

"டாக்டர், இந்த நோவுக்கு மருந்து எப்ப வந்துச்சு?"

"புது மருந்து இல்ல ஆன்ட்டி. இந்த எலிக் கிருமிக்குப் பென்சிலின்தான். நாங்கள்லாம் பொறக்கறதுக்கு முந்தியே இருக்கு."

நான் கையை அசைத்தேன். டாக்டரம்மா என் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, முப்பது முப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னால?"

"இருந்துச்சு ஆன்ட்டி. சீக்கிரம் கொண்டாந்துட்டா நெறைய பேர் பொழச்சுக்குவாங்க. அக்காவ நீங்கதானே கொண்டாந்தீங்க? நீங்கதான் காப்பாத்துனீங்க." சிரித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். பாவம், நல்ல வார்த்தை சொன்னதாகத்தான் நினைத்திருப்பார்.

"நல்லது டாக்டர்," என்றார் பெரியம்மா. என் பக்கம் திரும்பி, "இன்னும் ஒரு வாய் குடி," என்று கரண்டியை நீட்டினார். கிண்ணம் காலியாகும் வரை ஊட்டிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அந்தோணி போன் போட்டால் மணி அடித்து அடித்து நின்றுபோனது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கதவத் தெறக்கல, உள்ளேருந்தே போன்னு சொல்றாங்க," என்றார். குரலாவது கேட்டதே என்று இருந்தாலும், தனியாக இருக்கிற மனுஷி, அந்த வார்த்தையோடு எப்படித் தூங்குவார் என்று பயந்தேன். எனக்காகக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கு வார்டில் ஒரே கூட்டம். என் கைப்பட்டையை வெட்ட நர்ஸ் மறந்துவிட்டாள். "நேரா வீட்டுக்கு வேணாம், பெரியம்மா வீட்டுக்கு வுடுங்க," என்றேன். அந்தோணி முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

என் குரல் கேட்டதும் கதவு திறந்தது. எப்போதும் எரிகிற சாமி விளக்கு எரியவில்லை.

"நடக்க முடியுதா?" என்றார்.

"ஏன் பெரியம்மா வரல?"

"வந்து ஒன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?" நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். "ஒங்கப்பா வண்டிய வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டுனாரு. ஆத்தா வந்தா முத்து போடுமே, ஒரு முத்துகூட இல்லியேன்னு நானும் கேட்டேன் புள்ள. முத்து உள்ளுக்குள்ள இருக்குன்னாங்க. நம்பிட்டேன். ஆத்தா எடுத்துக்கிட்டான்னு நெனச்சா, அவகிட்ட சண்ட போடலாம். இத்தன வருசம் சண்ட போட்டுத்தான் பொழச்சுக் கெடந்தேன். எலி எடுத்துக்கிச்சுன்னா நான் யார்கிட்ட போய்ச் சண்ட போடறது?"

கடவுள் சித்தம், விதி என்று வாய் வரைக்கும் வந்ததை எல்லாம் விழுங்கினேன். அவர் கண்ணில் என் கைப்பட்டை பட்டது.

"இத இன்னும் அவுக்கலியா?"

உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்து, ஒரே வெட்டில் வெட்டி எறிந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. வாய்க்கால் கரையில் மல்லிகா என் காலில் நூல் கட்டியதை, அவள் சொன்னதை, ஆஸ்பத்திரியில் அவள் வந்ததை எல்லாம் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

"எந்தக் கால்?" என்று மட்டும் கேட்டார்.

காட்டினேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். என் கணுக்காலை மடியில் எடுத்து வைத்து, வெறும் தோலில் விரலால் தடவித் தேடி, அங்கே இல்லாத முடிச்சை அவிழ்த்தார். "அவ கட்டுனதுதானே. பெத்தவ அவுத்தாலும் செல்லும். நீ போலாம் புள்ள."

எழுந்திருக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே தன் வலது கையை என்னிடம் நீட்டினார்.

"அவ போன அன்னைக்கு என்னோடத நான் பல்லால கடிச்சுப் பிச்சு வாய்க்கால்ல வீசிட்டேன். அது அவுத்ததா ஆகாது. கட்டுன பூசாரியும் செத்துட்டாரு."

அந்த மணிக்கட்டில் தோலும் நரம்பும்தான் இருந்தன. மருந்து ஏறி ஏறி என் விரல்கள் வீங்கியிருந்தன. நான் தேடினேன்.

"முடிச்சு இறுகிப் போச்சு பெரியம்மா."

"பிய்க்காதலா," என்றார். "மெதுவா அவுத்து வுடு."